ஒரு மூச்சுக்கு எத்தனை சொல்

குளியலறையிலிருந்து கட்டிலுக்குப் பதினோரு எட்டு. வந்ததும் அம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, தோள்களைக் காதுவரை ஏற்றிக்கொள்வார். கழுத்துத் தசைகள் கயிறாகப் புடைக்கும். காறையெலும்புக்கு மேலே இருக்கிற குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய்ப் போய் வரும். "என்னம்மா செய்யுது?" என்று மகள் கேட்பாள். அம்மா தலை நிமிராமலே வலக்கையை மட்டும் முழங்காலிலிருந்து எடுத்து உள்ளங்கையைக் காட்டுவார்: பொறு. அந்தக் கையை எடுத்ததற்கே இரண்டு மூச்சு கூடுதலாக வாங்கும். நாலைந்து நிமிடம் கழித்துப் பதில் வரும்: "ஒண்ணுமில்ல." அருப்புக்கோட்டைப் பக்கத்து ஊரொன்றில், சிமெண்டுத் தரை போட்ட இரண்டு அறை வீட்டில், இது ஒரு நாளைக்கு ஆறு முறையாவது நடக்கிறது. ஆறு முறையும் மகள் கேட்கிறாள். கேட்டு வாய் மூடுமுன்பே ஏன் கேட்டோம் என்று இருக்கிறது அவளுக்கு. கொஞ்ச காலமாகவே இந்த உறுத்தல் அவளை விடவில்லை. அந்தக் கேள்வி அம்மாவுக்காகக் கேட்டதா, தன் பதற்றம் அடங்குவதற்காகக் கேட்டதா? தன் பதற்றத்துக்குத்தான் என்றால், அதற்கு அம்மாவின் நெஞ்சிலிருந்து எடுத்துச் செலவழிப்பது என்ன நியாயம்?

வெளியே போகிற மூச்சில்தான் பேச்சு நடக்கிறது. காற்றை உள்ளே இழுத்துக்கொண்டே ஒரு வாக்கியம் பேச முயன்று பார்த்தால் தெரியும். விக்கல்போல ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். நுரையீரல் நன்றாக இருக்கிறவர்களுக்கு இந்தச் செலவு கண்ணில் படுவதே இல்லை. மேடைப் பேச்சாளர் முக்கால் மணி நேரம் முழங்கிவிட்டு ஒரு சோடா குடித்தால் தீர்ந்தது. நுரையீரல் கெட்டவருக்கோ ஒவ்வொரு சொல்லும் கணக்கில் ஏறுகிறது. இழுப்போடு வருகிறவரை அவசரப் பிரிவு மருத்துவர் முதலில் பேசவிட்டுப் பார்ப்பது இதனால்தான். முழு வாக்கியம் வருகிறதா, துண்டு துண்டாக வருகிறதா, ஒற்றைச் சொல்தானா? எந்தக் கருவியும் மாட்டுவதற்கு முன்பே பாதி விஷயம் பிடிபட்டுவிடும். தமிழுக்கு இது எப்போதோ தெரிந்திருக்கிறது. நினைவு தப்பிக் கிடந்தவனை 'மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்தான்' என்கிறோம். இரண்டையும் ஒட்டி ஒரே சொல்லாக்கியாயிற்று. ஒன்றை வெளியே சொல்லாதே என்பதற்கு 'மூச்சு விடாதே' என்கிறோம். நல்ல உடம்புக்காரரிடம் சொன்னால் அது பேச்சுவழக்கு. இந்த அம்மாவிடம் சொன்னால் உடற்கூறு பாடம்.

இன்னொரு வழக்கு மட்டும் கொஞ்சம் ஏமாற்றுகிறது. 'மூச்சு வாங்குது' என்கிறோம். கேட்பவருக்கு ஏதோ காற்றுப் பற்றாக்குறை என்றும், இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் சரியாகிவிடும் என்றுமே படும். மருத்துவமனைச் சீட்டில் சி.ஓ.பி.டி. என்று எழுதப்படுகிற இந்த நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் தொல்லை பெரும்பாலும் மறுமுனையில் இருக்கிறது. காற்றறைகளின் சுவர்கள் சிதைந்து துவண்டுவிடுகின்றன. மூச்சை வெளியே விடும்போது இழுத்துப் பிடித்துத் திறந்து வைக்க எதுவுமில்லாமல் சிறு குழாய்கள் பாதி வழியில் மடங்கிக்கொள்கின்றன. பழைய காற்று உள்ளேயே தங்கிப்போகிறது. அது வெளியேறி முடிக்குமுன் அடுத்த மூச்சு வந்து அதன்மேல் உட்காருகிறது. நெஞ்சுக்கூடு பீப்பாய்போல் உப்பி, உதரவிதானம் தட்டையாகி, நிரம்பிய குடத்தில் மேலும் ஊற்றுகிற கதையாகிறது. வாங்குவதைவிட விடுவதுதான் அம்மாவுக்குப் பாடு. உதட்டைக் குவித்து மெல்ல ஊதச் சொல்கிறார்கள். குவிந்த உதடு வாயில் சின்னத் தடையாக நிற்க, உள்ளே கொஞ்சம் அழுத்தம் நின்று குழாய்கள் சட்டென்று மடங்காமல் இருக்குமாம். "சூடான காபிய ஆத்துற மாதிரி ஊதுங்கம்மா" என்றார் பிசியோதெரபி செய்ய வந்த பெண். அம்மாவுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. ஊதுவதில் அவருக்கு நாற்பது வருட அனுபவம்.

சீமைக்கருவேல விறகு, பருத்திமார், ஐப்பசி கார்த்திகையில் ஈரம் ஊறிய முள். அடுப்படிக்கு ஜன்னல் கிடையாது. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து, பகலில் அதன் வழியே புகை நீலக் கோடாக வெளியேறுவது தெருவிலிருந்து தெரியும். ஒரு முழ நீள இரும்பு ஊதாங்குழலை வாயில் வைத்து, கன்னம் உப்ப ஊதி, குழலை எடுத்து, மறு மூச்சை அதே புகைக்குள்ளிருந்து இழுத்து, மறுபடி ஊதி. காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி. இடுப்பில் ஒரு பிள்ளை இருந்தால் அதற்கும் சேர்த்துப் புகை. எரிவாயு அடுப்பு வந்த பிறகும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் கொல்லைப்புறத்தில் விறகடுப்பு இருந்தது, சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதே என்பதற்காக. தமிழக கிராமத்து அடுப்படிப் புகையைக் கருவி வைத்து அளந்தவர்களில் முன்னோடி, சென்னை போரூர் ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன். அடுத்த அறையில் இருப்பவரின் மூச்சிலும் அந்தப் புகை ஏறுகிறது என்பதை அவர் குழு 2000-களின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டது. அம்மாவைப் பார்த்த மருத்துவர்கள் பல வருடமாக ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: வீட்டில் யாராவது பீடி, சிகரெட் குடிப்பார்களா? இல்லை என்றதும் ஆஸ்துமா என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். எதைப் போட்டுச் சமைத்தீர்கள் என்று ஒருவர் கேட்க எட்டு வருடம் ஆனது. கேட்கிற கேள்வி எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்த எட்டு வருடம் சொல்லும்.

கேட்ட அந்த மருத்துவர்தான் ஊதிப் பார்க்கும் சோதனைக்கு அனுப்பினார். மூக்கை ஒரு கிளிப்பால் அடைத்து, அட்டைக் குழாயொன்றை வாயில் கவ்வச் சொல்லி, சோதனை எடுக்கிற பையன் கத்தினான்: "ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க, இன்னும் ஊதுங்க!" அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் சோதனை கெட்டுவிடும், மறுபடி முதலிலிருந்து. "அடுப்பு ஊதுறாப்ல இருக்கு" என்றார் வெளியே வந்து. ஜான் ஹட்சின்சன் என்கிற ஆங்கிலேய மருத்துவர் மூச்சின் கொள்ளளவை அளக்கும் கருவியைப் பற்றி 1846-ல் எழுதியபோது மாலுமிகள், போலீஸ்காரர்கள், குத்துச்சண்டைக்காரர்கள் என்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊதவைத்துப் பார்த்திருந்தார். யாருக்கு ஆயுள் காப்பீடு கொடுக்கலாம் என்று முடிவு செய்ய இது உதவும் என்பது அவருடைய எண்ணங்களில் ஒன்று. ஊதாங்குழல் பிடித்த பெண் ஒருத்தியும் அந்தப் பட்டியலில் இருந்திருக்க வழியில்லை. இப்போதைய கணக்கு முதல் விநாடியை வைத்து. நல்ல நுரையீரல் தன்னிடமுள்ள காற்றில் முக்கால் பங்கை முதல் விநாடியிலேயே வெளியே தள்ளிவிடும். அம்மாவின் வயதுக்கும் உயரத்துக்கும் முதல் விநாடியில் எவ்வளவு வரவேண்டுமோ அதில் 30 சதவீதத்துக்கும் குறைவாகவே வந்தது. நான்காம் கட்டம் என்று தாளில் இருந்தது. ஐந்தாம் கட்டம் கிடையாது.

இதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த முதல் சாமான் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர். கொரோனாவுக்குப் பிறகு இது இல்லாத தெரு இல்லை. 1970-களில் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி இதன் அடிப்படையைக் கண்டுபிடித்தார். 2020 ஏப்ரலில், உலகமே விரலை நீட்டிக்கொண்டிருந்த மாதத்தில், இறந்துபோனார். மகளுக்கு இது பெரிய விடுதலையாக இருந்தது. இனி அம்மாவிடம் கேட்க வேண்டாம், விரலிடம் கேட்டுக்கொள்ளலாம். விரல் பதில் சொல்ல மூச்சு வேண்டாம். ஒரு மாதம் இப்படிப் போனது. அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தாள்: தான் அம்மாவின் முகத்தைப் பார்த்து நாளாகிவிட்டது. சிவப்பு எண்ணைப் பார்க்கிறாள். அம்மாவோ எண்ணைப் பார்க்கும் மகளின் முகத்தைப் பார்க்கிறார். மகள் நெற்றி சுருங்கினால் அம்மாவுக்கு மூச்சு வேகமாகிறது, வேகமானால் உள்ளே காற்று இன்னும் தேங்குகிறது, எண் இறங்குகிறது, மகள் நெற்றி மேலும் சுருங்குகிறது. கருவி அளந்தது யாருடைய பதற்றத்தை என்று ஒரு கட்டத்தில் பிரித்துச் சொல்ல முடியாமல் போனது. தவிர, அந்த எண்ணும் அரிச்சந்திரன் இல்லை. விரல் குளிர்ந்திருந்தால் தடுமாறும். கறுத்த தோலில் உண்மை அளவைவிடக் கூட்டிக் காட்டும் சாத்தியம் அதிகம். 2020-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கருவியில் நல்ல எண் தெரிந்தும் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்த நிலை வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. கரிசல்காட்டு வெயிலில் களை பறித்த விரலுக்கு அந்தக் கருவி என்ன சலுகை காட்டும் என்று எதிர்பார்ப்பது?

அதைவிடக் குழப்பமான விஷயம், எண்ணும் மூச்சுத்திணறலும் ஒன்றுக்கொன்று கட்டுப்பட்டவை இல்லை என்பது. 92 காட்டும்போது அம்மா தவிக்கிறார். 87 காட்டும்போது முருங்கைக்கீரை ஆய்கிறார். தவிப்பு என்பது மூளைக்குள் நடக்கிற ஒரு கணக்கு. எவ்வளவு மூச்சு வேண்டும் என்று உடம்பு கேட்கிறதோ அதற்கும் நெஞ்சு கொடுக்க முடிந்ததற்கும் இடையிலான தூரம் அது. அங்கே வினோதமான சில்லறைகளும் செல்லுபடியாகின்றன. முகத்தில் காற்று படுவது அப்படியொரு சில்லறை. 2010-ல் வெளியான, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் செய்த ஆய்வொன்றில் ஐம்பது பேருக்குக் கைக்கடக்கமான மின்விசிறியை ஐந்து நிமிடம் முகத்துக்கும் ஐந்து நிமிடம் காலுக்கும் காட்டிப் பார்த்தார்கள். முகத்துக்குக் காட்டியபோது திணறல் தணிந்தது. கன்னத்திலும் மூக்கோரத்திலும் ஓடும் நரம்பு 'காற்று வருகிறது' என்று மூளைக்குச் சொல்லிவிடுவதால் இருக்கலாம் என்கிறார்கள். பரணிலிருந்து பனையோலை விசிறியை இறக்க மகளுக்கு கேம்பிரிட்ஜ் தேவைப்படவில்லை. அம்மாதான் கை காட்டினார். ஆனால் அந்த ஆய்வைப் பற்றி வீட்டுக்கு வந்துபோகிற நர்ஸ் சொன்னதிலிருந்து, விசிறும்போது அவளுக்குக் குற்றவுணர்வு குறைந்திருக்கிறது. சும்மா விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் ஒரு வைத்தியம்தான் என்று யாரோ முத்திரை குத்தித் தந்ததுபோல. விசிறும்போது கேள்வி எதுவும் கேட்கத் தோன்றுவதில்லை என்பது உபரி லாபம்.

ஆக்சிஜன் செறிவூட்டும் இயந்திரம் மாத வாடகைக்கு வந்து கட்டிலின் தலைமாட்டில் நிற்கிறது. அறைக் காற்றை இழுத்து, அதிலுள்ள நைட்ரஜனை ஒருவகைக் கனிமத் துகள்களில் ஒட்டவைத்துவிட்டு, மிச்சத்தை மூக்குக் குழாயில் அனுப்புகிறது. ஊஸ்... டக், ஊஸ்... டக். வீட்டில் இப்போது இரண்டு பேர் மூச்சு விடுகிறார்கள், ஒருவர் ஒழுங்காக. ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்துபோனவர்களுக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாமல் கொடுத்தால் ஆயுள் நீள்கிறது என்பது 1980, 1981-ல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வெளியான இரண்டு ஆய்வுகளில் உறுதியானது. இன்றுவரை மருத்துவம் அந்தப் பதினைந்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. குழாயின் நீளம் ஏழு மீட்டர். அம்மாவின் உலகத்தின் ஆரமும் அதுதான்: குளியலறை உண்டு, வாசல்படி உண்டு, திண்ணை கிடையாது. பேரன் ஓடும்போது குழாயை மிதித்துவிட்டால் மூக்கில் சுருக்கென்று இழுக்கும். மின்வாரியப் பராமரிப்பு நாளன்று காலை ஒன்பதிலிருந்து மாலைவரை கரண்டு இருக்காது; அதற்காக ஒரு சின்ன உருளை மூலையில் நிற்கிறது, நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் வைத்தால் சுமார் 12 மணி நேரம் தாக்குப்பிடிக்கும். சாமி படத்துக்கு ஊதுபத்தி நின்றது. கார்த்திகைக்கு விளக்குகள் வாசலோடு சரி. நாற்பது வருடம் நெருப்பை ஊதி வளர்த்தவரின் அறைக்குள் இப்போது ஒரு தீக்குச்சி உரசக் கூடாது.

பார்க்க வருகிறவர்கள் எல்லோருக்கும் ஆக்சிஜன் இயந்திரத்தின் அளவுத் திருகின் மேல் கண். "ரெண்டுலதான் வச்சிருக்க? அஞ்சு வரைக்கும் போகும்போல, கூட வையேன்." கூட வைத்தால் பாசம் கூட என்று ஒரு நினைப்பு. இந்த நோய் முற்றியவர்கள் சிலருக்கு ஆக்சிஜன் கூடக்கூட ரத்தத்தில் கரியமில வாயு தேங்கும். 88-லிருந்து 92-க்குள் நின்றால் போதும் என்று மருத்துவர்கள் கோடு கிழித்திருப்பது அதனால்தான். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸ் ஊழியர்களைக் கொண்டு நடத்தி 2010-ல் வெளியான ஆய்வு இதை முகத்தில் அடித்தாற்போல் காட்டியது. எல்லோருக்கும் முழு வேகத்தில் ஆக்சிஜன் கொடுக்கிற வழக்கத்தை விட்டு அளந்து கொடுத்தபோது இறப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. கரியமில வாயு ஏறுவதை விரல் கருவி காட்டாது. காலையில் தலைவலி, பகலில் தூக்கம், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில். இங்கேதான் மகளின் உறுதி உடைகிறது. அம்மாவைப் பேசவைக்கக் கூடாது என்று அவள் ஒருவழியாகப் பழகி வருகையில், பேசவைத்துத்தான் ஆகவேண்டும் என்கிறது நோய். "இன்னைக்கு என்ன கிழமைம்மா?" என்று தினமும் காலையில் கேட்கிறாள். சரியான பதில் வந்தால் நிம்மதி. ஒருநாள் அம்மா, "காலண்டர் உன் மூஞ்சிக்கு முன்னாடிதான தொங்குது" என்றார், மூன்று மூச்சில். அது எந்தக் கிழமையைவிடவும் நல்ல பதில்.

கேட்காமலே தெரிந்துகொள்ளக் கற்பது ஒரு தொழில் கற்பதுபோலத்தான் இருக்கிறது. கையைத் தலைக்கு மேல் தூக்கினால் அம்மாவுக்குத் திணறும். மூச்சுக்கு முட்டுக்கொடுக்கிற தோள்பட்டைத் தசைகளைத் தலை சீவும் வேலைக்கு அனுப்பினால் மூச்சு அநாதையாகிவிடும். ஆகவே தலை பின்னுவது மகள். சேலைக் கொசுவமும் பாவாடை நாடாவும் வயிற்றை அழுத்துவதால் இப்போது நைட்டி, மேலே ஒரு துண்டு; அந்நிய ஆள் வந்தால் அம்மா முதலில் துண்டைத்தான் தேடுவார், பிறகுதான் மூச்சை. குளிக்க பிளாஸ்டிக் முக்காலி. சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக ஐந்து வேளை, ஏனென்றால் வயிறு நிரம்பினால் உதரவிதானத்துக்கு இடமில்லை. மூச்சு விடுகிற வேலையே உண்ட சோற்றைத் தின்றுவிடுகிறது. வருடத்தில் ஒன்பது கிலோ இறங்கியாயிற்று. 'இளைப்பு' என்ற சொல்லுக்கு மெலிவதும் மூச்சிரைப்பதும் சேர்ந்தே பொருள் என்று அகராதி சொல்வதை இந்த வீட்டில் கண்கூடாகப் பார்க்கலாம். பதில் தேவைப்படும் இடத்தில் விரல்கள் பேசுகின்றன: ஒன்று என்றால் தண்ணீர், இரண்டு என்றால் நெபுலைசர், சுண்டுவிரல் என்றால் ஒன்றுக்கு. மடித்த முஷ்டி என்றால் பேசாமல் இரு. எல்லா வசதியும் வந்த பிறகு மகளுக்குப் புதிதாக ஒரு பயம். இப்படியே போனால் இரண்டு பேருக்கும் நடுவில் பேச என்ன மிஞ்சும்? தண்ணீரும் மருந்தும் சுண்டுவிரலுமா?

சென்னையிலிருந்து அண்ணன் ஞாயிறுதோறும் வீடியோவில் வருவான். "பேசும்மா, நல்லாப் பேசும்மா" என்பான். அழைப்பு வரும் என்று தெரிந்தால் அம்மா அரை மணி முன்பே நெபுலைசர் வைத்துக்கொண்டு, தலை சீவச் சொல்லி, மணி அடித்ததும் மூக்குக் குழாயைக் கழற்றித் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுவார். நான்கு நிமிடம் சேர்ந்தாற்போல் பேசுவார், பேரக்குழந்தையின் பல், மழை, ரேஷன் அரிசி. வைத்ததும் இரண்டு மணி நேரம் எழுந்திருக்க மாட்டார். அண்ணனைப் பொறுத்தவரை அம்மா பரவாயில்லை. மகளுக்குக் கோபம் வரும். அண்ணன் மேல் பாதி, அம்மா மேல் பாதி. தனக்குக் கிடைப்பது விரல், அவனுக்குக் கிடைப்பது வாக்கியம். கூட இருப்பவர்களுக்கு எங்கும் விதிக்கப்பட்ட கணக்கு இது என்று எழுதிவிட்டுப் போகலாம். அவளுக்கு அது ஆறுதலாக இருக்காது.

சின்னக் கேள்விகளை மிச்சம் பிடிக்கப் பழகிய கை, பெரிய கேள்வியையும் சேர்த்தே மிச்சம் பிடித்துவிட்டது என்பது போன ஆவணியில்தான் தெரிந்தது. சளி கட்டி, இரவில் அம்மாவுக்கு உதடு நீலம் பாரித்தது. 108 வந்து ஏற்றிக்கொண்டு போனது. முகமூடி போட்டு இயந்திரத்தால் காற்றைத் தள்ளினார்கள். அது போதாமல் போனால் தொண்டைக்குள் குழாய் இறக்கி வென்டிலேட்டரில் போட வேண்டியிருக்கும், சம்மதமா என்று ஒரு இளம் மருத்துவர் கேட்டார். கேட்டது மகளிடம். அம்மா மூன்றடி தூரத்தில் கண் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அண்ணனுக்குப் போன் போட்டாள். "எல்லாத்தையும் பண்ணச் சொல்லு" என்றான். நல்லவேளை, விடிவதற்குள் முகமூடியிலேயே தெளிந்துவிட்டது. அன்றிலிருந்து அவளுக்கு அந்த மூன்றடிதான் உறுத்துகிறது. இது நம்மூர் வழக்கம், பெரியவர்களிடம் சாவைப் பற்றிப் பேசமாட்டோம் என்று சொல்லி நழுவவும் முடியவில்லை. ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தீவிர நோயாளிகளைப் பின்தொடர்ந்து அமெரிக்காவில் 1995-ல் வெளியான ஆய்வில், இதயம் நின்றால் உயிர்ப்பிக்க முயல வேண்டாம் என்று நினைத்த நோயாளிகளின் விருப்பம் அவர்களுடைய மருத்துவர்களில் பாதிப்பேருக்குக்கூடத் தெரிந்திருக்கவில்லை. வெளிப்படையாகப் பேசுகிறவர்கள் என்று நாம் நினைக்கிற ஊரிலும் கேள்வி தொண்டையில்தான் நின்றிருக்கிறது. இந்தியாவில் சட்டம் வழிவிட்டாயிற்று. தனக்கு என்ன சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என 2018 மார்ச் 9-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நீதித்துறை நடுவர் ஒப்பமிட வேண்டும் என்றிருந்ததை 2023 ஜனவரியில் தளர்த்தி, நோட்டரியோ கெசட் பதிவு பெற்ற அதிகாரியோ போதும் என்றாக்கியது. காகிதம் தயார். கேட்பதற்குத்தான் ஆளில்லை.

கேட்டால் மட்டும் எந்தப் பதில் சரியென்று யாருக்குத் தெரியும்? மேற்கு வங்கத்தின் முன்னாள் முதல்வர் புத்ததேவ் பட்டாச்சார்யாவுக்கும் இதே நோய். சிகரெட்டுக்குப் பேர்போனவர். கொல்கத்தா பிரிகேட் மைதானத்தில் 2019 பிப்ரவரி 3-ல் இடதுசாரிகளின் பேரணி. அவர் காரில் வந்தார், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு. மைதானத்துப் புழுதியில் இறங்க முடியாது. எத்தனையோ கூட்டங்களில் பேசியவர், கண்ணாடிக்கு உள்ளே பத்து நிமிடம்போல உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனார். கூட்டம் அதற்கே ஆர்ப்பரித்தது. 2023 ஜூலைக் கடைசியில் நிமோனியாவோடு மருத்துவமனையில் வென்டிலேட்டரில் வைத்தபோது இனி அவ்வளவுதான் என்று பலர் நினைத்திருப்பார்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் பாம் அவென்யூவிலிருந்த சின்ன அரசுக் குடியிருப்புக்கே திரும்பினார். இன்னும் ஒரு வருடம் இருந்து, 2024 ஆகஸ்ட் 8 காலையில் அந்த வீட்டிலேயே இறந்தார். அந்த ஒரு வருடத்தை எந்தத் தராசில் வைப்பது? குழாய் வேண்டாம் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் அதுவும் அன்பாகத்தான் இருந்திருக்கும்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருகிற நர்ஸ், இரத்த அழுத்தம் பார்த்து முடித்துவிட்டு, போன வாரம் அம்மாவின் கட்டிலருகே தரையில் உட்கார்ந்துகொண்டார். "எத நெனச்சாம்மா உங்களுக்குப் பயமா இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். மகள் இதுவரை கேட்காத கேள்வி. இயந்திரம் எத்தனையோ தடவை ஊஸ், டக் என்றது. "முட்டிக்கிட்டு..." என்றார் அம்மா. மூச்சு. "முட்டிக்கிட்டுச் சாகணுமோன்னு." சாவைப் பற்றி இல்லை, முட்டுவதைப் பற்றி. நர்ஸ் தலையாட்டினார். கடைசி நேரத் திணறலைத் தணிக்க மருந்து உண்டு, குறைந்த அளவு மார்ஃபின்கூடக் கொடுப்பார்கள், முட்டவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டோம் என்றார். தினசரித் திணறலுக்கு மார்ஃபின் உதவுமா என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. கடைசி நாட்களில் அது தரும் அமைதியைப் பற்றி வலித்தணிப்பு மருத்துவர்களுக்கு அவ்வளவு சந்தேகமில்லை. மகள் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்நிய ஆளிடம் இவ்வளவு சுலபமாக வந்த நாலு சொல் தன்னிடம் ஏன் வரவில்லை என்று ஒரு பக்கம். அவர் ஒருமுறை கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாரே, அது தனக்கு ஏன் வரவில்லை என்று இன்னொரு பக்கம்.

மறுநாள் காலை பத்து மணி. நெபுலைசர் வைத்து முக்கால் மணி ஆகியிருந்தது, அம்மாவுக்கு நாளில் சிறந்த நேரம். மகள் தரையில் உட்கார்ந்து, விசிறியைக் கையில் எடுத்து, இரவெல்லாம் ஒத்திகை பார்த்ததைக் கேட்டுவிட்டாள்: மறுபடி அப்படி ஆனால் தொண்டையில் குழாய் போடச் சொல்லட்டுமா, வேண்டாமா? அம்மா உள்ளங்கையைக் காட்டினார். மகள் விசிறினாள். ஐந்து நிமிடம் இருக்கும். "அன்னைக்கு... டாக்டரு கேட்டாரே..." என்றார் அம்மா. மூச்சு. "நீ என்ன... சொன்ன?" மகளிடம் பதில் இல்லை. அவளுக்கு நுரையீரல் நன்றாகத்தான் இருக்கிறது.

அம்மா அதை அங்கேயே விட்டுவிட்டு எதிர்வீட்டுக் கல்யாணப் பத்திரிகைக்குப் போய்விட்டார். பத்திரிகையில் தாய்மாமன் பெயரை இரண்டாவதாகப் போட்டிருக்கிறார்களாம். அதற்குக் காரணம் முப்பது வருடத்துக்கு முந்திய காதுகுத்தாம். அங்கே மொய் எழுதியவன் ஐம்பத்தொரு ரூபாயை இனிஷியல் மாற்றி வேறு ஆள் கணக்கில் எழுதிவிட்டானாம். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு, சில இடத்தில் ஒரு சொல்லுக்கு. இந்த வேகத்தில் கதை மத்தியானம் வரை போகும். "பேசாதம்மா, அப்புறம் சொல்லலாம்" என்பது மகளின் நாக்கு நுனி வரை வந்தது. ஆக்ஸிமீட்டரில் 86. அவள் கண் அங்கே போவதை அம்மா பார்த்தார். விரலிலிருந்து கிளிப்பைக் கழற்றினார், தலையணைக்கு அடியில் வைத்தார், உதட்டைக் குவித்து ஒரு தடவை ஊதிக்கொண்டார். "அவ... லேசுப்பட்டவளா? மொய் நோட்டத் தூக்கி..."